பப்புன்யா டூலா, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்: ஒரு சின்ன ஓவியமும் அம்மாவின் மூக்குத்தியும்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆஸ்திரேலியாவுக்கு வந்த புதிதில், முதல் தடவை ஊருக்குப் போகும்போது சிட்னியில் ஒரு நினைவுப்பொருள் கடையில் பன்னிரண்டு பூமராங் வாங்கிக்கொண்டு போனவள் நான். சித்தப்பாவுக்கு ஒன்று, அத்தை பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று, அப்பாவோடு வேலை பார்த்தவருக்கு ஒன்று. எல்லாவற்றிலும் ஒரு கங்காருவோ பல்லியோ, சுற்றிலும் புள்ளிகள், 'கையால் வரைந்தது' என்று தங்க நிறத்தில் ஒரு ஸ்டிக்கர். சித்தப்பா வீட்டுப் பொடியன் விலைச் சீட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தான், அது பிய்ந்து வந்ததும் அடியில் இன்னொரு ஸ்டிக்கர்: மேட் இன் இந்தோனேசியா. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அதற்குள் பன்னிரண்டு வீட்டிலும் 'அந்த மண்ணோட பூர்வகுடிகள் வரைஞ்சது' என்று வாய் வலிக்கச் சொல்லி முடித்திருந்தேன்.

என்னைப் போல ஏமாந்தவர்கள் ஏராளம் என்று பிறகு தெரிந்தது. 2022-ல் இந்த நாட்டின் உற்பத்தித்திறன் ஆணையம் வெளியிட்ட அறிக்கையில், பூர்வகுடி பாணி நினைவுப்பொருட்களுக்குச் செலவாகும் பணத்தில் பாதிக்கும் மேல் பூர்வகுடிகளுக்குச் சம்பந்தமே இல்லாத பொருட்களுக்குத்தான் போகிறது என்று இருக்கிறது. அதற்கு முன்பே 2019-ல், இந்தோனேசியாவில் செய்த பூமராங்கையும் டிஜரிடூ என்ற ஊதுகுழலையும் பூர்வகுடிக் கைவேலை என்று நினைக்கும்படி விற்ற ஒரு மொத்த வியாபார நிறுவனத்துக்கு நீதிமன்றம் 23 லட்சம் டாலர் அபராதம் போட்டது. எனக்கு விற்ற கடை யாரிடம் சரக்கு எடுத்தது என்று தெரியாது. அந்தப் பன்னிரண்டில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை என்பது மட்டும் தெரியும்.

சரி, பப்புன்யா டூலா என்ற ஓவியக் கடை பற்றிய விமர்சனத்துக்கு வருகிறேன். 2024 ஜூலைப் பள்ளி விடுமுறையில் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தாள். மகளுக்குப் பதினைந்து வயது, பள்ளிக்கூடத்தில் பூர்வகுடிகளைப் பார்த்து 'நான் உங்களுக்குத் துணை' என்று சொல்லும் பொருளில் ஒரு பேட்ஜ் கொடுத்திருந்தார்கள், அதைப் பையில் குத்திக்கொண்டு அலைகிறவள். 2023 அக்டோபர் 14 வாக்கெடுப்பு முடிந்த ராத்திரி, நாடாளுமன்றத்தில் பூர்வகுடிகளுக்கு ஒரு குரல் வேண்டும் என்பதை 60 விழுக்காடு பேர் வேண்டாம் என்று தள்ளிவிட்டார்கள் என்று செய்தியில் சொன்னதும் அவள்தான் கேட்டாள், "நாம என்னம்மா பண்ணோம்?" ஓட்டுப் போட்டோமே என்றேன். "அப்புறம்?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் ஆபீசிலும் இல்லை. பூர்வகுடிகளைக் கொண்டாடும் நெய்டாக் வாரத்தில் அவர்கள் கொடியின் கறுப்பு, சிவப்பு, மஞ்சள் நிற ஐசிங் வைத்த கப்கேக் வரும், மீட்டிங் ஆரம்பத்தில் இந்த மண்ணின் மூத்தோருக்கு மரியாதை செலுத்தும் வாக்கியத்தை ஒருவர் வாசிப்பார், மூச்சு விடுவதற்குள் பட்ஜெட் பேச ஆரம்பித்துவிடுவோம்.

ஆக மூன்று தலைமுறைப் பெண்கள், நாட்டின் நடுப் பாலைவனத்து ஊரான ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் போய் இறங்கினோம். பாலைவனம் என்றால் சுடும் என்று நினைத்து வந்த அம்மாவுக்கு ஜூலைக் காலையில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் குளிர், சேலைக்கு மேலே என் ஸ்வெட்டர், அதற்கு மேலே என் மகளின் ஹூடி. டாட் நதி என்று பெயர்ப்பலகை இருக்கும் இடத்தில் வெறும் மணல். "இதுக்கு நம்ம வைகையே தேவலாம்" என்றாள்.

பப்புன்யா டூலா கேலரி டாட் மாலில் இருக்கிறது. அந்தத் தெருவில் ஓவியக் கடைகள் நிறைய, அதில் எது எப்படி என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது, அதனால்தான் இதை எழுதுகிறேன். இந்தக் கடைக்கும் மற்றவற்றுக்கும் அடிப்படை வித்தியாசம் ஒன்றுதான்: இது ஓவியர்களுடைய சொந்தக் கம்பெனி. 1972-ல் தொடங்கியது, மேற்குப் பாலைவனத்துப் பூர்வகுடிகள்தான் முழுக்க முழுக்கப் பங்குதாரர்கள். உள்ளே காந்தம், சாவிக்கொத்து, கங்காரு பொம்மை ஒன்றும் கிடையாது. சுவரில் ஓவியங்கள், அவ்வளவுதான். ஆள் உயரத்துக்கு மேலே போகும் பெரிய துணிகளும் உண்டு, மடியில் வைத்துப் பார்க்கும் அளவுக்குச் சின்னவையும் உண்டு.

அம்மா ஒரு பெரிய ஓவியத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு என் காதருகில், கடை முழுவதும் கேட்கிற மாதிரி, "என்னடி இது, புள்ளியை வச்சுட்டுக் கோலம் போட மறந்துட்டாங்களா?" என்றாள். நல்லவேளை அங்கே யாருக்கும் தமிழ் தெரியாது. நம்மவர்கள் யார் வந்தாலும் முதலில் சொல்வது இதைத்தான், நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். ஆனால் இந்தப் புள்ளிகளின் கதையே வேறு. 1971-ல் ஆலிஸுக்கு வடமேற்கே சுமார் 240 கிலோமீட்டரில் பப்புன்யா என்ற அரசுக் குடியிருப்பில், ஜெஃப்ரி பார்டன் என்ற பள்ளி ஆசிரியர் கொடுத்த ஊக்கத்தில் பெரியவர்கள் பள்ளிச் சுவரில் தேனெறும்பின் கதையை வரைந்தார்கள், பிறகு கையில் கிடைத்த பலகைகளில் எல்லாம் வரைய ஆரம்பித்தார்கள். அதுவரை மணலிலும் உடம்பிலும் சடங்குக்காகப் போட்டு அழித்துவிடுகிற உருவங்கள் அவை. பலகைக்கு வந்ததும் வெளியாட்கள் கண்ணில் பட்டன, பார்க்கக் கூடாதவர்கள் பார்க்கிறார்கள் என்று பக்கத்துச் சமூகங்களிலிருந்து கடும் எதிர்ப்பு வந்தது. அதற்குப் பிறகு ரகசியமானவற்றைக் குறைத்தார்கள், மறைத்தார்கள், புள்ளிகள் பெருகின. நாம் அழகு என்று ரசிப்பதில் ஒரு பங்கு திரைச்சீலை.

பப்புன்யாவில் இருந்த பின்டுபி மக்கள் தங்கள் சொந்த இடத்திலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுவந்து வைக்கப்பட்டவர்கள். நோயிலும் ஏக்கத்திலும் ஏகப்பட்ட பேரை அங்கே இழந்தார்கள். போக முடியாத இடத்தைத்தான் வரைந்தார்கள்: அந்த நீர்ச்சுனை, இந்த மணல்மேடு, மூதாதையர் நடந்த தடம். வரைந்துகொண்டே இருந்தார்கள், 1981-ல் கின்டோர் என்ற ஊரை உருவாக்கித் திரும்பியும் போனார்கள். கின்டோர் ஆலிஸிலிருந்து 500 கிலோமீட்டருக்கும் மேல் மேற்கே. அதற்கும் அப்பால், மாநில எல்லை தாண்டி கிவிர்குரா. இந்தக் கடைக்கு ஓவியங்கள் வருவது இந்த இரண்டு ஊர்களிலிருந்துதான், ஏறக்குறைய எல்லாமே.

நான் எடுத்தது 46-க்கு 38 சென்டிமீட்டர், இருப்பதில் சின்ன அளவு. பெல்ஜியன் லினன் துணியில் அக்ரிலிக். விலை ஐந்நூறு டாலருக்குச் சற்று மேல், பெரியவை பல்லாயிரம் வரை போகின்றன, அந்தப் பக்கம் நான் திரும்பவே இல்லை. வெளிறிய மணல் நிறத்தில் அடித்தளம், மேலே ஆரஞ்சும் மங்கலான ரோஜா நிறமுமாகப் பக்கத்துப் பக்கத்தில் கோடுகள், அலை மாதிரி வளைந்து, நடுவில் இரண்டு இடத்தில் மட்டும் வட்டமாகச் சுழிக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் கோடு, கிட்டே போனால் கோடு இல்லை, ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் வைத்த புள்ளிகள், சில இடத்தில் குச்சியை அழுத்தியிருக்கிறார், சில இடத்தில் பெயின்ட் தீர்ந்துபோய்ப் புள்ளி மெலிந்து அடுத்ததில் மறுபடி கொழுத்திருக்கிறது. கீழ் மூலையில் ஒரு புள்ளிக்குள் ஒரே ஒரு சிவப்பு மணல் பரல் ஒட்டிக் காய்ந்திருக்கிறது. தரையில் விரித்து, உட்கார்ந்து, சுற்றிச் சுற்றி வரைகிறார்கள், நாய்கள் குறுக்கே நடக்கும் என்கிறார்கள், மணல் ஒட்டாமல் இருந்தால்தான் ஆச்சரியம். என் மகளுக்கு அந்தப் பரல்தான் ரொம்பப் பிடித்துப்போனது.

துணியின் பின்பக்கம் ஒரு குறியீடு எழுதியிருக்கும்: ஓவியர் பெயரின் முதலெழுத்துகள், வருடம், மாதம், வரிசை எண். அதே எண் சான்றிதழிலும் இருக்கும், கூடவே பெயர், மொழி, ஊர், ஓவியத்தின் கதை. எனக்குக் கிடைத்தது கிவிர்குராவில் வசிக்கும் ஒரு நபங்காட்டியின் ஓவியம். நபங்காட்டி குடும்பப் பெயர் அல்ல, உறவுமுறைப் பெயர். யார் யாருக்கு என்ன முறை, யார் யாரைக் கட்டலாம், யாரோடு பேசக் கூடாது என்பதெல்லாம் அதிலேயே இருக்கிறது. பெண்களுடையது 'ந'-வில் தொடங்கும், ஆண்களுடையது 'ஜ'-வுக்குப் பக்கமான ஓர் ஒலியில். இதைச் சொன்னதும் அம்மா முதல் முறையாக ஆர்வமாகத் தலையாட்டினாள், முறை பார்க்கிறவர்கள் என்றால் அவளுக்கு உடனே மரியாதை வந்துவிடும்.

சான்றிதழில் இருந்த கதை மர்ரபின்டி என்ற பாறைச்சுனையைப் பற்றியது. மூத்த பெண்கள் கூட்டமாக அங்கே தங்கி மூக்கில் குத்திக்கொள்ளும் எலும்பைச் செய்தார்கள், அந்த எலும்புக்கும் மர்ரபின்டி என்றே பெயர். முன்பு ஆண்களும் பெண்களும் போடுவார்களாம், இப்போது பெரியவர்கள் மட்டும் சடங்கு நாளில். அங்கே சடங்கு முடித்துவிட்டு அவர்கள் கிழக்கே நடந்தார்கள், வழியில் கம்புராப்பா என்ற காட்டுப்பழத்தைப் பறித்துச் சேர்த்தார்கள், அதைப் பச்சையாகவும் தின்னலாம், அரைத்துத் தணலில் அடையாகச் சுட்டும் தின்னலாம். நான் வாசித்து வாசித்துத் தமிழில் சொல்லச் சொல்ல, அம்மா தன்னை அறியாமல் மூக்குத்தியைத் தொட்டுக்கொண்டாள். "அடையா?" என்றாள். அடைதான் என்றேன்.

பக்கத்தில் ஆண்கள் வரைந்த ஓவியங்கள். சதுரத்துக்குள் சதுரமாகப் போய்க்கொண்டே இருக்கும், பார்த்தால் கண் சுற்றும். அவற்றின் சான்றிதழ்களில் டிங்காரி மூதாதையரின் பயணம் என்று கொஞ்சம் சொல்லிவிட்டு, இது ரகசியமானது என்பதால் மேற்கொண்டு விவரம் தரப்படவில்லை என்று முடித்துவிடுகிறார்கள். பல ஆயிரம் டாலர் கொடுத்து வாங்குகிறவருக்கும் அதே பதில்தான். என் மகளுக்கு இது புரியவில்லை, "வாங்குறவங்களுக்குக்கூடச் சொல்ல மாட்டாங்களா?" என்று கேட்டாள். மாட்டார்கள். எனக்கு அந்தக் கடையில் மிகவும் பிடித்தது அந்த ஒரு வரிதான் என்று சொன்னால் நம்புவீர்களா? இத்தனை வருடம் இவர்களிடமிருந்து நிலத்தை எடுத்தார்கள், பிள்ளைகளை எடுத்தார்கள், 1990-களில் ஒரு கம்பெனி இவர்களுடைய ஓவியங்களை வியட்நாமில் கம்பளமாக நெய்து ஜனங்கள் காலில் மிதிக்க இறக்குமதி செய்தது, வழக்குப் போட்டுத்தான் நிறுத்தினார்கள். அப்படிப் பறிகொடுத்தவர்கள் 'இது உனக்கு விற்பனைக்கு, இது விற்பனைக்கு இல்லை' என்று கோடு போட்டுச் சொல்கிற இடம் இது. வாடிக்கையாளராக அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நிற்பது நல்ல அனுபவம்.

பில் போடும் நேரத்தில் அம்மா ஆரம்பித்தாள். "ஐந்நூறு டாலரா? நம்ம காசுக்கு எவ்வளவு? இதுக்கா?" என்று. எனக்கும் அந்த நேரத்தில் லேசாகத் தடுமாற்றம்தான், பொய் சொல்லவில்லை. அங்கே வைத்துத்தான் ஒரு டயாலிசிஸ் கதையை அவளுக்குச் சொன்னேன்.

அப்பா கடைசி இரண்டு வருடம் டயாலிசிஸில் இருந்தார். வாரத்துக்கு மூன்று நாள், போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம், நடுவில் நாலு மணி நேரம் மெஷின். அம்மாதான் கூடவே போய் வந்தாள். கின்டோரிலும் கிவிர்குராவிலும் சிறுநீரக நோய் அதிகம், ஆனால் முன்பெல்லாம் அங்கே மெஷின் கிடையாது, நோய் வந்தால் ஆலிஸுக்குக் குடிபெயர வேண்டும், அதாவது 500, 700 கிலோமீட்டர் தள்ளி வந்து, தெரியாத ஊரில் உறவு இல்லாமல் இருந்து, அங்கேயே சாக வேண்டும். ஊரிலேயே மெஷின் வேண்டும் என்று கேட்டபோது அரசிடமிருந்து பணம் கிடைக்கவில்லை. அதனால் அவர்கள் வரைந்தார்கள். இந்த இரண்டு ஊர் ஓவியர்களும் சேர்ந்து, ஆண்கள் தனியாகவும் பெண்கள் தனியாகவும், நாலு பெரிய ஓவியங்கள். 2000-ஆம் வருடம் சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் ஆர்ட் கேலரியில் ஏலம் விட்டதில் 10 லட்சம் டாலருக்கு மேல் வந்தது. 2004-ல் கின்டோரில் டயாலிசிஸ் ஆரம்பித்தது. அந்த அமைப்பைத்தான் இப்போது பர்ப்பிள் ஹவுஸ் என்கிறார்கள், அதன் முழுப் பெயர் பின்டுபி மொழியில் நீளமாக இருக்கும், 'நம் குடும்பங்களை எல்லாம் நலமாக்குவது' என்று பொருள். இன்று மூன்று மாநில எல்லைகளிலும் பல தொலைதூர ஊர்களில் அவர்களுடைய மெஷின் ஓடுகிறது, லாரியில் வைத்துக்கூட ஓட்டுகிறார்கள், ஊரில் சாவு, சடங்கு என்றால் நோயாளி கொஞ்ச நாள் வீட்டுக்குப் போய் இருந்துவிட்டு வரலாம்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "வீட்டுலயே மெஷினா?" என்று மட்டும் கேட்டாள். வீடு மாதிரி, ஊருக்குள்ளேயே என்றேன். விலை பற்றிய பேச்சு அதோடு நின்றது.

ஓவியம் மனசை ஆற்றும், காயத்தை ஆற்றும் என்றெல்லாம் நிறையப் பேர் எழுதுகிறார்கள், உண்மையாகவே இருக்கலாம். இங்கே அது ரத்தத்தைச் சுத்தம் செய்கிற மெஷினாகவும் ஆனது, எனக்கு அது போதும்.

நீதி என்ற பேச்சும் அப்படித்தான். நம் ஊரில் நிலம் யாருடையது என்றால் பட்டா, சிட்டா, அடங்கல் என்று காகிதத்தைக் காட்டுவோம். மேற்கு ஆஸ்திரேலியாவில் ஃபிட்ஸ்ராய் கிராசிங் பக்கத்து நுரரா மக்களிடம் காகிதம் இல்லை. 1997-ல் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் உட்கார்ந்து எட்டு மீட்டருக்குப் பத்து மீட்டர் அளவில் ஒரே ஓவியம் வரைந்தார்கள், அவரவர் தங்கள் சுனையை, தங்கள் மேட்டை. நில உரிமைத் தீர்ப்பாயம் வந்தபோது அதைத் தரையில் விரித்து, ஒவ்வொருவராக எழுந்துபோய்த் தன் இடத்தின் மேல் நின்று, தன் மொழியில், இது என் இடம் என்று சொன்னார்கள். பத்து வருடம் இழுத்து 2007-ல் தீர்ப்பு வந்தது: 75,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் அவர்களுடையது. துணியில் வரைந்த பட்டா. அதற்கெல்லாம் முன்னோடி 1963-ல் யிர்க்கலா என்ற ஊரின் பூர்வகுடிகள் மரப்பட்டையில் ஓரமெல்லாம் ஓவியம் வரைந்து நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய நில மனு, அது இன்றும் கான்பெராவில் கண்ணாடிக்குள் இருக்கிறது, கேட்டது மட்டும் அப்போது கிடைக்கவில்லை.

பணத்தில் நீதி இன்னும் மெதுவாக வந்தது. பப்புன்யா டூலாவின் ஆரம்ப கால ஓவியர் ஜானி வரங்குலா 1972-ல் வரைந்த ஒரு 'நீர்க் கனவு' (நீர் பற்றிய மூதாதையர் கதை) ஓவியம் அப்போது 150 டாலர் அளவுக்குப் போனது. அதே ஓவியம் 1997-ல் 2 லட்சம் டாலருக்கு மேல், 2000-ல் 4,86,500 டாலர். வரைந்த கிழவர் அப்போது உயிரோடுதான் இருந்தார், கண் மங்கி, காசில்லாமல், அந்த மறுவிற்பனையில் சட்டப்படி அவருக்கு ஒரு பைசா கிடையாது. இப்படிப்பட்ட கதைகள் சேர்ந்துதான் 2010 ஜூனில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது: 1,000 டாலருக்கோ அதற்கு மேலோ மறுவிற்பனை ஆனால் 5 விழுக்காடு ஓவியருக்கு, அவர் இல்லையென்றால் வாரிசுக்கு. முதலீடாக வாங்கலாமா என்று கேட்கிற நண்பர்களுக்கு: என்னைக் கேட்காதீர்கள், விற்றால் அந்த ஐந்து விழுக்காட்டை ஒழுங்காகக் கொடுங்கள்.

இனி ஒரு விஷயம், இதில் எனக்கே தெளிவில்லை. கடையை விட்டு வெளியே வந்தால் டாட் மால் புல்வெளியில் பெண்கள் உட்கார்ந்து சின்னச் சின்னத் துணிகளை விரித்து விற்கிறார்கள். கடையில் சான்றிதழ், எண், கணக்கு எல்லாம் உண்டு, கலை மையங்கள் வழியாக விற்றால் பொதுவாகப் பாதியோ அதற்கு மேலோ ஓவியருக்குப் போகும். இங்கே நூற்றுக்கு நூறும் அந்தக் கைக்கே, ஆனால் அவசரத் தேவைக்கு அடிமாட்டு விலைக்குக் கேட்கிற ஆட்களும் இதே இடத்தில்தான் சுற்றுகிறார்கள். ஓவியரை மோட்டல் அறையில் உட்காரவைத்து ஓட்டைக் காருக்கும் சில்லறைக்கும் வரைய வைக்கும் வியாபாரிகளைப் பற்றி 2007-லேயே செனட் விசாரணை நடந்திருக்கிறது. வாங்குவதா, விடுவதா?

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா ஒரு பெண்மணியின் எதிரில் குந்தி உட்கார்ந்துவிட்டாள். அவருக்கும் அம்மா வயதுதான் இருக்கும், கம்பளித் தொப்பி, காலில் சாக்ஸ் மட்டும். கைக்குட்டை அளவு துணியில் கறுப்பின் மேல் மஞ்சளும் வெள்ளையுமாகப் பழங்கள், நடுவில் 'ப' எழுத்தைக் கவிழ்த்த மாதிரி இரண்டு வளைவுகள், உட்கார்ந்திருக்கிற பெண்கள் என்று பொருள். நாற்பது என்றார் அவர். அம்மா மூன்று விரலைக் காட்டினாள். என் மகள் பேட்ஜோடு பதறிப்போய், "பாட்டி! பேரம் பேசாதீங்க, ப்ளீஸ்!" என்று கையைப் பிடித்தாள். "பேரம் பேசலைன்னா அவளுக்கே நம்ம மேல மரியாதை இருக்காது, நீ சும்மா இரு" என்றாள் அம்மா. எதிரில் இருந்தவருக்கு மொழி புரியாவிட்டாலும் விஷயம் புரிந்துவிட்டது, வாய்விட்டுச் சிரித்தார், நாலு விரலைக் காட்டினார், மறுபடி நாலு விரலைக் காட்டினார். அம்மா நாற்பதைக் கொடுத்தாள். அவர் பால்பாயின்ட் பேனாவால் துணியின் பின்னால் தன் பெயரை எழுதிக் கொடுத்து, ஓவியத்தை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கும் நின்றார். பெயரும் முகமும் தெரிகிறது, பணம் யார் கைக்குப் போனது என்று தெரிகிறது, கேட்ட விலை குறையவில்லை. அது சரியா தப்பா என்று என் மகளும் நானும் ஹோட்டல் வரைக்கும் சண்டை போட்டோம். அம்மா நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை, துணியைச் சுருட்டி ஹூடி பாக்கெட்டில் வைத்துக்கொண்டு டீ எங்கே கிடைக்கும் என்று பார்த்துக்கொண்டு வந்தாள்.

வாங்குகிறவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். ஓவியம் சட்டம் இல்லாமல் வெறும் துணியாகத்தான் கொடுத்தார்கள், குழாயில் சுருட்டி விமானத்தில் கையோடு எடுத்து வந்துவிட்டேன், மடிக்கவே கூடாது. சிட்னியில் மரச்சட்டத்தில் இழுத்துக் கட்ட 140 டாலர் ஆனது. அதற்காகப் போன கடைக்காரர் (பெயர் வேண்டாம்) ஓரத்தில் துணி அதிகமாக இருக்கிறது, வெட்டிவிடட்டுமா என்றார், நான் அலறிய அலறலில் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். ஓரத்தை வெட்டவே விடாதீர்கள், பின்பக்கத்து எண்ணை அட்டை வைத்து மூடவும் விடாதீர்கள், சட்டம் போடுவதற்கு முன்னாலேயே அந்த எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், சான்றிதழைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள். எங்கள் வீட்டில் அது பாஸ்போர்ட் இருக்கிற கவரில் இருக்கிறது. நேர் வெயில் படாத சுவர். தூசிக்கு மெல்லிய பிரஷ், ஈரத்துணி வேண்டாம்.

வேறு ஊரில், வேறு கடையில் வாங்கப் போகிறீர்கள் என்றால், வரைந்தவர் யார், எந்த ஊர், அவருக்கு எவ்வளவு போகிறது என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்க எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. நல்ல கடையில் இந்தக் கேள்விக்குக் காத்துக்கொண்டிருந்த மாதிரி பதில் சொல்வார்கள். கதை எல்லாம் அழகாகச் சொல்லிவிட்டுப் பெயர் கேட்டால் மழுப்பினால் வெளியே வந்துவிடுங்கள், பூமராங் பன்னிரண்டு வாங்கியவள் சொல்கிறேன். இந்தக் கடைக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு ஐந்து.

மாட்டும்போது எது மேல், எது கீழ் என்று ஒரு பிரச்சினை வந்தது. கடையிலேயே கேட்டிருந்தேன், தரையில் வைத்து நாலு பக்கமிருந்தும் வரைகிறார்கள், மேலிருந்து பார்க்கிற நிலம் அது, எப்படி வேண்டுமானாலும் மாட்டலாம் என்று சொல்லியிருந்தார்கள். மகளுக்கு அந்த மணல் பரல் கண் உயரத்துக்கு வர வேண்டுமாம், என் கணவருக்குச் சுழி இடப்பக்கம் இருக்க வேண்டுமாம். இப்போது மாதத்துக்கு ஒரு தடவை யாராவது திருப்பிவிடுகிறார்கள்.

நாற்பது டாலர் துணி அம்மாவோடு ஊருக்குப் போய்விட்டது. சமையலறைக்குப் போகிற வழியில், காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாளாம். வீடியோ காலில் காட்டினாள், அந்த இரண்டு வளைவும் ஆலிஸில் பார்த்ததற்கு நேர்மாறாகத் தெரிந்தன. தலைகீழா மாட்டிட்டியேம்மா என்றேன்.

"அதுக்கு ஏதுடி தலை?" என்றாள்.